சிங்கப்பூர், மலேசியா பயணத்துக்கு ப்ரீபெய்டு சிம்: வாங்குவதும், இந்திய நம்பரின் ஓடிபியை இழக்காமல் பயன்படுத்துவதும்

சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஒன்றிரண்டு வாரம் போய்வருகிறவர்களுக்கு அங்கே ப்ரீபெய்டு சிம் வாங்குவது சிரமமே இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தொல்லையெல்லாம் ஏற்கெனவே போனில் இருக்கும் இந்திய சிம்மால்தான் வருகிறது. அதைக் கழற்றி பர்ஸில் வைத்தவருக்கு வங்கி ஓடிபி வராது. எதையும் மாற்றாமல் அப்படியே விட்டவருக்கு ரோமிங் கட்டணத்தில் பேலன்ஸ் கரையும்.

ஆகவே ஏற்பாடு இதுதான்: இந்திய சிம் பயணம் முழுக்க போனுக்குள்ளேயே இருக்கட்டும். எஸ்எம்எஸ் வாங்குவது மட்டுமே அதன் வேலை. டேட்டா, அழைப்பு எல்லாம் உள்ளூர் சிம்மில். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் போனைச் சோதியுங்கள். டயல் பேடில் *#06# அடித்தால் போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்கள் வரும். இரண்டு ஐஎம்இஐ இருந்தால் ஒரே போனில் இரண்டு சிம் இயங்கும். கூடவே 'இஐடி' என்று ஒரு நீண்ட எண் தெரிந்தால் போனில் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) வசதியும் இருக்கிறது.

இரண்டு சிம் போன்களிலும் ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்த பல மாடல்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழிதான். சிம் போட வேண்டுமானால் கார்டை எடுத்தாக வேண்டும். கார்டில் இருக்கும் படங்களும், அதற்கு நகர்த்தி வைத்த செயலிகளும் அதோடு போய்விடும். ட்ரேயை ஊரிலேயே ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. விமான நிலையக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

அடுத்தது லாக். இந்தியாவில் கடையில் வாங்கிய ஸ்மார்ட்போன்களில் பொதுவாக இந்தப் பிரச்சினை கிடையாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால் கவனம் தேவை. அங்கே தவணையில் வாங்கிய போன்கள் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருந்தால் பயமில்லை. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லும் அதற்குப் பின் அங்கே வந்த மாடல்களிலும் சிம் ட்ரேயே இருக்காது. அந்தப் போனுக்கு இ-சிம் மட்டும்தான் வழி.

மூன்றாவது, வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி. சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே மூடப்பட்டுவிட்டது, 3ஜியும் 2024-ல் மூடப்பட்டது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு முடிந்தது. பழைய போன் சிங்கப்பூரில் டேட்டா காட்டும். அழைப்பு மட்டும் போகாது, ஏனென்றால் அழைப்பும் 4ஜி வழியாகவே போக வேண்டும். செட்டிங்ஸில் வோல்டிஇ இரண்டு சிம்முக்கும் இயக்கத்தில் இருக்கட்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா? 4ஜி வோல்டிஇ இல்லாத பட்டன் போன் சிங்கப்பூரில் எந்த சிம் போட்டாலும் பேசாது. அவர்களுக்கு ஒரு பழைய ஸ்மார்ட்போனையாவது எடுத்துப் போங்கள்.

இப்போது இந்திய சிம். ஜியோ, ஏர்டெல், வி எதுவானாலும் அந்தந்த நிறுவனத்தின் செயலியில் இன்டர்நேஷனல் ரோமிங் சேவை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே இயக்கிவிடுங்கள். எஸ்எம்எஸ் வாங்க ஏதாவது குறைந்தபட்ச பேக் போட்டாக வேண்டுமா என்பதையும் அதே இடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே வரும் அழைப்பை எடுத்தால், பேக் இல்லாதவருக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் உண்டு.

சாதாரண ரீசார்ஜின் வேலிடிட்டி திரும்பி வந்த பிறகும் ஒரு வாரம் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 28 நாள் திட்டம் பயணத்தின் நடுவில் முடிந்தால் ஓடிபி நிற்கும். அதை ரீசார்ஜ் செய்யப் போனால் வங்கி ஓடிபி கேட்கும். இந்த முடிச்சில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வங்கிக் கணக்கில் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவையுங்கள்.

பலரும் மறப்பது கால் ஃபார்வர்டிங். எடுக்காத அழைப்பு வேறு நம்பருக்குப் போகும்படி அமைத்திருந்தால், ரோமிங்கில் அந்த அழைப்பு வெளிநாடு வந்து மறுபடி இந்தியா திரும்பும். இரண்டு வழிக்கும் கட்டணம் விழலாம். ஊரிலேயே ##002# என்று டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

தொடர்பு எண்களில் 10 இலக்கமாகச் சேமித்தவற்றுக்கெல்லாம் முன்னால் +91 சேருங்கள். சிங்கப்பூர் சிம்மிலிருந்து வெறும் 10 இலக்கம் அடித்தால் எங்கும் போகாது. தரைவழி எண்ணில் முதல் பூஜ்ஜியத்தை எடுத்துவிட வேண்டும்: திருச்சியின் 0431 என்பது +91 431, சென்னையின் 044 என்பது +91 44. வங்கிகளின் 1800 இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. கார்டு தொலைந்தால் அழைக்க, உங்கள் வங்கி வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களுக்கென்று கொடுத்திருக்கும் +91 எண்ணைத் தேடிச் சேமியுங்கள். ஒரு தாளிலும் எழுதிவைக்கலாம், தவறில்லை.

டாக்ஸி கூப்பிட உதவும் கிராப் செயலியை இந்திய நம்பரிலேயே ஊரில் பதிவு செய்து கார்டையும் சேர்த்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் அதே கணக்கு ஓடும். ஓட்டுநருடன் செயலி வழியே பேசலாம் என்பதால் உள்ளூர் நம்பர்தான் வேண்டும் என்பதில்லை.

எங்கே, எந்த வகை

சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மலேசியாவில் செல்காம்டிஜி, மேக்சிஸின் ஹாட்லிங்க், யூ மொபைல், இவர்களோடு டியூன் டாக் போன்ற சிறிய நிறுவனங்கள். நகரங்களுக்குள் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இவற்றில் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேமரன் மலை, தாமான் நெகாரா பக்கம் போகிறவர்கள் செல்காம்டிஜி அல்லது ஹாட்லிங்க்கைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

சாங்கி விமான நிலையத்தில் பணமாற்றுக் கவுன்ட்டர்களிலும் செவன் இலெவன், சியர்ஸ் கடைகளிலும் சுற்றுலா சிம் கிடைக்கும். கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டு முனையங்களிலும் வருகைப் பகுதியில் நிறுவனங்களின் கவுன்ட்டர்கள் வரிசையாக இருக்கும். விமான நிலையத்தில் விலை கூடுதலாக இருக்கும் என்ற நினைப்பில் ஊருக்குள் போய் வாங்கலாம் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். சுற்றுலா சிம் என்றால் மிச்சமாவது சொற்பம். இறங்கியதும் கிராப் கூப்பிட, தங்குமிடத்துக்குச் செய்தி சொல்ல டேட்டா வேண்டும். அங்கேயே வாங்கிவிடுவதுதான் சரி. ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவருக்குக் கணக்கு வேறு. அவர் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்கா பக்கம் சிராங்கூன் சாலைக் கடைகளில் சாதாரண ப்ரீபெய்டு சிம் வாங்கினால் மலிவு, தமிழிலேயே கேட்டுத் தெரிந்தும் கொள்ளலாம்.

இ-சிம் இரண்டு வகை. அந்த நாட்டு நிறுவனமே விற்பது ஒன்று: பாஸ்போர்ட் சரிபார்ப்பு உண்டு, உள்ளூர் நம்பரும் வரும். இணையத்தில் பல நாடுகளுக்கென்று விற்கப்படும் பயண இ-சிம் இன்னொன்று. அதில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. அது வேறொரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் சிம்மாக இயங்குவதால், டேட்டா அந்த நாடு வரை போய்த் திரும்பும். வேகம் கொஞ்சம் மந்தமாகும், சில தளங்கள் உங்களை வேறு நாட்டில் இருப்பவராகக் கருதும். உணவகத்தில் மேசை பதிவு செய்ய, உள்ளூர்க்காரர்கள் உங்களை அழைக்க என்று நம்பர் தேவைப்படுகிறவருக்கு இது போதாது. மூன்று நாள் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறவருக்குத் தாராளம்.

எந்த இ-சிம் ஆனாலும் ஊரில் வைஃபை இருக்கும்போதே நிறுவிவிடுங்கள். கியூஆர் கோடை அதே போனின் திரையில் வைத்துக்கொண்டு அதே போனின் கேமராவால் பிடிக்க முடியாது. இன்னொரு திரையோ அச்செடுத்த தாளோ வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. ஆகவே 'வேலை செய்யவில்லை' என்று நினைத்து இ-சிம்மை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் காசு போனதுதான். வேலிடிட்டி நிறுவிய நாளிலிருந்தா, அந்த நாட்டு நெட்வொர்க்கைத் தொட்ட நேரத்திலிருந்தா என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கு மட்டும் இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கே சௌகரியம். அதற்கு மேல் போனால் உள்ளூர் சிம்தான் கட்டுப்படியாகும்.

கவுன்ட்டரில்

அசல் பாஸ்போர்ட் வேண்டும். போனில் இருக்கும் படம் செல்லாது. சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் எல்லா நிறுவனங்களும் சேர்த்து 3 ப்ரீபெய்டு சிம்தான் வைத்திருக்கலாம், பதிவு செய்ய 15 வயது ஆகியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா பெயரில் வாங்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் சுற்றுலா சிம்கள் பெரும்பாலும் 10 முதல் 30 சிங்கப்பூர் டாலருக்குள் அமையும்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை நான்கு.

1. வேலிடிட்டி 24 மணி நேரக் கணக்கா, தேதிக் கணக்கா? தேதிக் கணக்கென்றால் இரவு 11 மணிக்கு இயக்கிய சிம்முக்கு முதல் நாள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

2. ஹாட்ஸ்பாட் பகிரலாமா, அதற்குத் தனி அளவு உண்டா? மலேசியாவின் 'அன்லிமிடெட்' திட்டங்களில் வேகத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் தனித்தனி வரம்பு இருப்பது வழக்கம். ஒரு சிம் வாங்கி நால்வர் பகிரலாம் என்று திட்டமிடுகிற குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகின்றன.

3. மலேசியாவிலும் (அல்லது சிங்கப்பூரிலும்) இதே சிம் வேலை செய்யுமா, எத்தனை ஜிபி? இரண்டு நாடும் போகிறவர்கள் ரோமிங் சேர்ந்த சுற்றுலா சிம் ஒன்றை வாங்கினால் இரண்டாவது சிம் தேவைப்படாது.

4. இந்தியாவுக்குப் பேசும் நிமிடங்கள் சேர்ந்திருக்கிறதா, எந்த முன்னெண் போட்டு அழைக்க வேண்டும்? சிங்டெல்லில் 019 போல மலிவு முன்னெண் உண்டு. இலவச நிமிடங்கள் அந்த முன்னெண்ணுக்கு மட்டும் பொருந்தினால், நேரடியாக +91 என்று அழைக்கும்போது மெயின் பேலன்ஸ் குறையும். வீட்டில் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருந்தால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சிம் அட்டை மூன்று அளவுக்கும் உடையும்படி வெட்டப்பட்டிருக்கும். இன்றைய போன்களுக்கு வேண்டியது மிகச் சிறிய நானோ அளவு, 12.3 க்கு 8.8 மில்லிமீட்டர். ட்ரே திறக்கும் ஊசியை நீங்களே கொண்டுபோங்கள், கைப்பையில் இருக்கட்டும். ட்ரேயைத் திறக்கும்போது இந்திய சிம் எந்தக் குழியில் இருந்ததோ அதே குழியில் இருக்கட்டும். அதை வெளியே எடுத்தாலோ இடம் மாற்றினாலோ யூபிஐ செயலிகள் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். அந்தச் சரிபார்ப்பு உங்கள் இந்திய சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி நடக்கும், ரோமிங்கில் அதற்குக் கட்டணம் உண்டு, சில நேரம் போகவும் போகாது. வங்கிச் செயலியை நீக்கி மறுபடி நிறுவுவதையும் பயணத்தில் தவிருங்கள், காரணம் இதேதான். வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டிருப்பதால், இந்திய சிம்மைக் கழற்றாமல் இருக்க இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் விமான நிலைய வைஃபையை அணைத்துவிட்டு ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வைஃபையிலேயே பார்த்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று வெளியே போனவர்கள் டாக்ஸி வரிசையில் நின்று தவிப்பது வழக்கமாக நடப்பது. கூட வந்தவரின் போனுக்கு ஒரு அழைப்பும் போட்டுப் பாருங்கள். சிம் பிரித்த பிளாஸ்டிக் அட்டையை எறியாதீர்கள். அதில் சிம்மின் பூட்டைத் திறக்கும் 'பின்' எண்ணும், அது தவறிப்போனால் உதவும் 'பக்' எண்ணும் இருக்கும். 'பின்' 3 முறை தவறினால் 'பக்' கேட்கும். பக் 10 முறை தவறினால் அந்த சிம் செத்தது.

செட்டிங்ஸ்: பணம் போகும் ஓட்டைகளை அடைப்பது

சிம் மேனேஜரில் இரண்டு லைனுக்கும் 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்று பெயர் மாற்றுங்கள். 'சிம் 1', 'சிம் 2' என்று விட்டால் அவசரத்தில் கண்டிப்பாகக் குழம்பும்.

மொபைல் டேட்டாவுக்கும் அழைப்புக்கும் சிங்கப்பூர் லைனைத் தேர்ந்தெடுங்கள். இந்திய லைனில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். இதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. ஐபோனில் 'செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்', சாம்சங் உள்ளிட்ட ஆண்ட்ராய்டு போன்களில் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்' என்ற பெயரில் வரும். இது இயக்கத்தில் இருந்தால், முதல் லைனில் சிக்னல் குறையும்போதோ இரண்டாவது லைனில் பேசும்போதோ போன் தானாகவே மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவும். அணைத்துவிடுங்கள்.

ஐபோனில் இன்னொன்று. புது சிம் போட்டதும் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் சேவைகள் நம்பரை உறுதிப்படுத்த உங்களுக்குத் தெரியாமலே ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். அதற்கான கட்டணம் சிம் பேலன்ஸிலிருந்து போகும். ஐமெசேஜ் பயன்படுத்தாதவர்கள் சிம் போடும் முன் இரண்டையும் அணைத்துவைக்கலாம்.

வாட்ஸ்அப் புது சிம்மைக் கண்டு நம்பர் மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே, புது சிம்மின் டேட்டாவில் அது ஓடும்.

இந்திய லைனில் அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் திரும்பக் கூப்பிடுங்கள். கிளம்பும் முன்பே வீட்டாரிடம் இதைச் சொல்லிவைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டேட்டா ரோமிங் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. பயண இ-சிம் ஆனாலும், சிங்கப்பூர் சுற்றுலா சிம்மை மலேசியாவில் பயன்படுத்துவதானாலும், அந்த லைனில் மட்டும் டேட்டா ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும். இந்திய லைனில் அணை, அந்த லைனில் இயக்கு. ரோமிங் என்றாலே பயந்து இரண்டிலும் அணைத்துவிட்டு, சிக்னல் முழுதாகக் காட்டியும் இணையம் வரவில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

எல்லையில்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தரைப்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போகும்போது நெட்வொர்க் மாறுவது எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். எல்லை தாண்டாமலே மாறும் என்பதுதான் தெரியாத செய்தி. சிங்கப்பூரின் வடக்குக் கரையில் உட்லண்ட்ஸ், கிராஞ்சி பக்கம் நீரிணையின் அகலம் குறைவு. அங்கே நிற்கும்போது போன் மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளலாம், ஜோகூர் கடற்கரையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ரோமிங் சேராத சிம் என்றால் இணையம் நிற்கும். மெயின் பேலன்ஸ் வைத்திருந்தால் அது கரையவும் செய்யலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். பட்டியல் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும்.

இரண்டு நாட்டிலும் காவல்துறைக்கு 999. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 995. பேலன்ஸ் இல்லாவிட்டாலும் அழைக்கலாம்.

எவ்வளவு டேட்டா போதும்

மேப் பார்த்து ஒரு மணி நேரம் நடந்தால் 5 முதல் 10 எம்பி. வாட்ஸ்அப் குரல் அழைப்பு மணிக்குச் சுமார் 30 முதல் 40 எம்பி, வீடியோ அழைப்பு 300 எம்பி அளவில். 480பி தரத்தில் யூடியூப் மணிக்கு அரை ஜிபிக்குப் பக்கம், ரீல்ஸ் அதைவிடக் கூடுதல். ஒரு ஆளுக்கு நாளைக்கு 1 ஜிபி என்பது தாராளக் கணக்கு.

இந்தக் கணக்கைக் குலைப்பது பின்னணியில் ஏறும் படங்களும் வீடியோக்களும். ஐபோனில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் தரத்தில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ 400 எம்பி. 1080பி, 30 ஃபிரேம் என்றால் 60 எம்பி. அந்த 4கே வீடியோவில் பத்து மேகக் கணக்குக்கு (கிளவுட்) ஏறினாலே 4 ஜிபி காலி. கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் பேக்அப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். ஹாட்ஸ்பாட்டில் இணைக்கும் லேப்டாப் தன்னை அப்டேட் செய்யத் தொடங்கினால் ஒரு நாள் டேட்டா ஒரே மூச்சில் போய்விடும்.

டேட்டா பேக் தீர்ந்த பிறகும் மெயின் பேலன்ஸில் பணம் இருந்தால், சாதாரண விகிதத்தில் அதிலிருந்து பிடிப்பார்கள். டாப்-அப் (ரீசார்ஜ்) செய்ததும் உடனே அதை பேக்காக மாற்றிவிடுங்கள்.

வேலை செய்யவில்லை என்றால்

சிக்னல் இருக்கிறது, இணையம் இல்லை. முதலில் டேட்டா எந்த லைனில் இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீரும். பிறகு ஏர்பிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். விபிஎன் இருந்தால் அணையுங்கள். அடுத்தது ஏபிஎன், அதாவது டேட்டா எந்த வழியில் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர். சில ஆண்ட்ராய்டு போன்களில் இது தானாக அமையாது. சிங்டெல் ப்ரீபெய்டுக்கு 'ஹைகார்ட்' என்று ஒரே சொல்லாக, எச், ஐ, சி, ஏ, ஆர், டி என்ற ஆறு ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடிக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் ஏபிஎன்னைக் கவுன்ட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோனில், முந்தைய பயணத்தில் வேறொரு சிம்முக்காக நிறுவிய ஏபிஎன் புரொஃபைல் மிச்சம் இருந்தால் அது புது சிம்மைத் தடுக்கும். ஜெனரல் பகுதியில் 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' போய் அதை நீக்குங்கள்.

'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டுகிறது. பெரும்பாலும் பாஸ்போர்ட் பதிவு முடியவில்லை என்று பொருள். கால் மணி நேரம் பொறுத்தும் மாறாவிட்டால் விற்ற இடத்துக்கே திரும்புங்கள். அதே சிம்மைக் கூட வந்தவரின் போனில் போட்டுப் பார்த்தால் கோளாறு சிம்மிலா போனிலா என்பது தெரிந்துவிடும்.

டேட்டா வருகிறது, அழைப்பு போகவில்லை. வோல்டிஇ அணைந்திருக்கும், அல்லது அந்த மாடலுக்கு அந்த நிறுவனத்தின் வோல்டிஇ ஆதரவு இல்லை. இரண்டாவது காரணம் என்றால் வேறு நிறுவனத்தின் சிம்தான் தீர்வு.

ஓடிபி வரவில்லை. இந்திய லைன் அணைந்திருக்கிறதா, நெட்வொர்க் பெயர் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கையால் நெட்வொர்க் தேடி, பட்டியலில் இன்னொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் இந்திய நிறுவனத்துக்கு எல்லாரோடும் ஒப்பந்தம் இருக்காது. பெயர் காட்டியும் வராவிட்டால் போனை ஒருமுறை அணைத்து எடுங்கள்; தேங்கியிருந்த செய்திகள் மொத்தமாக வந்து விழும். ஓடிபி கேட்டுக் கேட்டு ஐந்தாறு முறை அழுத்தாதீர்கள். வங்கி கணக்கை முடக்கக்கூடும், அதைத் திறக்க இன்னொரு ஓடிபி வேண்டியிருக்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

பாஸ்போர்ட் கேட்காமல் தெருவில் யாராவது 'ரெடி சிம்' கொடுத்தால் வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் பதிவானது. அதேபோல் ஊர் திரும்பும்போது உங்கள் பெயரில் உள்ள சிம்மை, பத்து வெள்ளி (டாலர்) தருகிறேன் என்று கேட்கும் முகம் தெரியாதவரிடம் விற்காதீர்கள். மோசடிக் கும்பல்கள் இப்படித்தான் நம்பர் திரட்டுகின்றன. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வேலைக்குப் போயிருக்கும் தம்பிமார்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நண்பன் கேட்டான் என்று தன் வேலை பர்மிட்டைக் கொடுத்து சிம் எடுத்துத் தருவது வேலையையே இழக்கச் செய்யும்.

உள்ளூர் சிம்முக்கு வரும் அழைப்பில் எண்ணுக்கு முன்னால் '+65' என்று தெரிந்தால் எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்குத்தான் சிங்கப்பூரில் '+' சேர்த்துக் காட்டுகிறார்கள். உள்ளூர் அழைப்பில் வெறும் 8 இலக்கம் மட்டுமே தெரியும். காவல்துறை, குடிநுழைவுத் துறை என்று சொல்லிக்கொண்டு '+65'-லிருந்து பேசினால் துண்டித்துவிடுங்கள்.

திரும்பும்போது

உள்ளூர் நம்பரை வங்கி, மின்னஞ்சல், முகநூல் எதிலும் பதிவு செய்யாதீர்கள். டாப்-அப் செய்யாமல் விட்ட ப்ரீபெய்டு நம்பர் சில மாதத்தில் ரத்தாகி வேறொருவருக்குப் போகும். நீங்கள் வாங்கிய நம்பரும் அப்படி வந்ததாக இருக்கலாம். முன்பு வைத்திருந்தவரைக் கேட்டு அழைப்பு வந்தால் அதுதான் காரணம். கிராப்பில் உள்ளூர் நம்பர் கொடுத்திருந்தால் கிளம்பும் முன், அந்த சிம் உயிரோடு இருக்கும்போதே, இந்திய நம்பருக்கு மாற்றிவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் பேக் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மிச்சப் பணம் பொதுவாகத் திரும்ப வராது, கடைசி நாளில் பெரிய தொகைக்கு டாப்-அப் வேண்டாம். இ-சிம்மை விமானம் ஏறிய பிறகு நீக்கினால் போதும்.

இறங்கியதும் மூன்று மாற்றம்: மொபைல் டேட்டா இந்திய லைனுக்கு, அழைப்பு இந்திய லைனுக்கு, நெட்வொர்க் தேர்வு மறுபடி தானியங்கிக்கு. ஓடிபிக்காக இந்திய லைனில் கையால் தேர்ந்தெடுத்ததை மாற்ற மறந்தவர்களின் போன்தான் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கியதும் 'சேவை இல்லை' என்று காட்டிக்கொண்டிருக்கும். சிம் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடும் முன் அந்த ஒரு செட்டிங்கைப் பாருங்கள்.